கிளமெண்டிச் சாலையும் சிறுவர் நூல்நிலையமும்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள கிளமெண்டி என்னும் புதுநகரை நம் வாசகர்களுள் நகரவாசிகள் நன்கறிவார்கள். தோட்டப்புறத்து அன்பர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்லி மேற்செல்வோம். தேக்கா, சிராங்கூன் சாலை முதலிய நம்மவர் நடமாட்டம் மிகுந்த இடங்களிலிருந்து நகர ரயிலேறி ஏறக்குறைய அரைமணி நேரம் சென்றால் அவ்வூரை அடையலாம். முன்னாளில் காடும் கம்பமுமாகக் கிடந்த அவ்விடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தார் 1970களில் அடுக்குமாடி வீடுகளை எழுப்பினர். 1988இல் ரயில் வந்தது. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் ஒட்டியெழுந்த பெரிய கடைத்தொகுதியொன்றின் ஐந்தாம் மாடியில் பொது நூல்நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அரிசியும் மீனும் வாங்கப் போகின்ற தாய், கைப்பிள்ளையை இடுப்பிலும் பள்ளிப்பிள்ளையைக் கையிலுமாக அழைத்துக்கொண்டு மேலே ஏறி, கதைப்புத்தகம் நான்கு எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எவரிடமும் சிபாரிசுக் கடிதமும் வாங்க வேண்டியதில்லை.

இதில் என்ன அதிசயம் என்று இக்காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அதிசயந்தான் என்பது நம் கட்சி. அது எங்ஙனம் என்பதை விளக்கவேண்டுமாயின், அவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குவது தகும்.

கிளமெண்டிச் சாலைக்கு 1947ஆம் ஆண்டுவரை வேறு பெயர் இருந்தது. ரிபார்மெட்டரி ரோடு என்பது அப்பெயர். தமிழில் சொன்னால் சீர்திருத்தப் பள்ளிச் சாலை. சீர்திருத்தம் என்றவுடன் நம் வாசகர்கள் மகிழ்ந்து விடுதல் வேண்டா. அங்கே இருந்தது, திருட்டு முதலிய குற்றங்களில் அகப்பட்ட பையன்களைப் பிடித்து அடைத்துவைத்து நல்வழிப்படுத்துவதற்கென்று சர்க்கார் நடத்திய ஸ்தாபனம். அந்நாளைய சர்க்காருக்கு ஏழைப் பையனைப் பற்றி ஏற்பட்ட கவலை பெரும்பாலும் அவன் குற்றம் செய்த பின்னரே ஏற்பட்டது. குற்றம் செய்யுமுன் அவன் மாலைப் பொழுதை எங்கே கழித்தான், அவன் கையில் ஒரு புத்தகத்தையேனும் எவரேனும் கொடுத்ததுண்டா என்று கேட்பார் இல்லை. ஒரு சாலைக்கே பெயர் கொடுக்கும் அளவுக்குச் சிறுவர் சிறை இருந்தது. அதே தீவில் தமிழ்ச் சிறுவனுக்கு ஒரு புத்தக அலமாரி இல்லை.

பிறகு வந்த பெயரின் கதை இன்னும் வேடிக்கையானது. கிளமெண்டி என்பது யாரைக் குறிக்கின்றது என்பதில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. 1887 முதல் 1893 வரை கவர்னராக இருந்த ஸர் ஸெஸில் கிளமெண்டி ஸ்மித் என்பார் சிலர். அவருடைய மருமகனும் 1930 முதல் 1934 வரை கவர்னர் பதவி வகித்தவருமான ஸர் ஸெஸில் கிளமெண்டி என்பார் வேறு சிலர். இரண்டாமவராயின், நாம் சற்று நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது. இவர் படிப்பில்லாதவர் அல்லர். ஹாங்காங்கில் கவர்னராக இருந்தவர். சீன மொழியைப் பழுதறக் கற்றுக் காண்டனீயக் காதற்பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1904இலேயே வெளியிட்டவர். அத்தகையவர் இங்கே கவர்னராக வந்தபின் செய்த காரியம் யாதெனில், மலாய் மொழியிலன்றி வேறு தாய்மொழியில் இலவசக் கல்வி கொடுப்பது சர்க்காரின் கடமையன்று என்று கொண்டு, சீனப் பள்ளிகளுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் கொடுத்துவந்த உதவித்தொகையை நிறுத்தியதாகும். பிறர் பாட்டைச் சுவைக்கத் தெரிந்தவருக்குப் பிறர் பிள்ளையின் பசி தெரியவில்லை.

அக்காலம் எத்தகைய காலம் என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். உலகெங்கும் வியாபாரம் மந்தப்பட்டு, ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்ட காலம். எஞ்சியிருந்தோரின் பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றே கதி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டுமென்று ஏற்பட்டிருந்தது. சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் பள்ளி என்பதற்கு நான்கு கம்பமும் ஒரு தகரக் கூரையும் போதும் என்று சொல்லிய துரைமார் உண்டு. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் வாசித்த கிராணியே மாலையில் உபாத்தியாயராய் விளங்கிய தோட்டங்களும் உண்டு. அப்பள்ளியில் படித்த பையன் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை முடித்துவிட்டால், அதற்கு மேல் அவன் படிக்கக் கூடியதாக லயத்தில் இருந்தது சாமான் கட்டிவந்த காகிதம் ஒன்றே. எழுத்தறிவு வந்தும் படிக்கப் புத்தகமில்லாமல் அதை மறந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

நகரத்தில் மட்டும் நிலைமை சிறந்திருந்ததோவென்றால், நகரத்தில் நூல்நிலையம் இருந்தது. அது நமக்காக இருக்கவில்லை. 1823இல் ராபிள்ஸ் துரை தம் கல்விச்சாலைக்கு அடிக்கல் நாட்டியபோதே அதனுள் ஒரு நூல்நிலையமும் அமையவேண்டுமென்று எண்ணினார். 1845இல் வெள்ளைக்கார வர்த்தகர்களும் உத்தியோகஸ்தர்களும் பங்கு போட்டு ஒரு புத்தகசாலையைத் திறந்துகொண்டனர். 1874இல் சர்க்கார் அதை ஏற்று ராபிள்ஸ் நூல்நிலையமும் பொருட்காட்சிசாலையும் என்று பெயரிட்டது. 1887இல் அது ஸ்டாம்போர்ட் சாலையில் குவிமாடம் வைத்த புதிய கட்டடத்துக்குப் போயிற்று. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச்செல்லச் சந்தா கட்டவேண்டும். சந்தா கட்ட வல்லவராயினும் ஆங்கிலம் தெரியவேண்டும். அப்பெருங்கட்டடத்தின் கதவு சாத்தப்படவில்லை என்பது உண்மை. ஆனால் சாத்தாத கதவுக்குள்ளும் நுழையவொட்டாத தடைகள் உண்டென்பதை நம்மவர்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

1923 ஜூலையில் அங்கே சிறுவர் பகுதி ஒன்று ஏற்பட்டது. அது குறிப்பிடத்தக்க செய்தியே. ஏனெனில் சிறுவர்க்கென்று தனியாக அறையும் அலமாரியும் வைக்கவேண்டுமென்ற எண்ணம் மேனாடுகளிலும் மிகப் பழையதன்று. அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாகாணத்துப் புரூக்லைன் என்னும் ஊரில் 1890இல் சிறுவர் வாசிப்பறை திறந்தார்கள். அதற்கு முன்னெல்லாம் பன்னிரண்டு பதினான்கு வயதுக்குக் குறைந்தோரை நூல்நிலையத்துள் விடுவதே அரிது. 1906இல் நியூயார்க் பொது நூல்நிலையத்தின் சிறுவர் பகுதிக்குத் தலைமை ஏற்ற ஆனி கரோல் மூர் என்னும் அம்மையார், ‘பேசாதே’ என்ற பலகைகள் சிறுவர் அறைக்கு ஆகா என்று எடுக்கச்செய்தார்; புத்தகத்தைப் பழுதின்றிக் காப்பேன் என்று குழந்தையே தன் கையால் எழுதி ஒப்பமிட்டால் போதும், அதை நம்பிப் புத்தகம் கொடுக்கலாம் என்றார். ஐந்து வயதுப் பிள்ளையின் கையெழுத்தை மதித்த அந்த நம்பிக்கையிலிருந்தே இன்று உலகெங்கும் நடக்கும் சிறுவர் நூல்நிலைய வேலைகள் பலவும் பிறந்தன. ஆனால் சிங்கப்பூரில் 1923இல் திறந்த சிறுவர் பகுதியின் புத்தகங்கள் ஆங்கிலப் புத்தகங்கள். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பயன்பட்டது. சிராங்கூன் சாலைத் தமிழ்ப் பள்ளிப் பையனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்நிலை மாறியதற்குக் காரணமாயிருந்த ஒரு கனவானைப் பற்றி நாம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். லீ கோங் சியான் என்பது அவர் பெயர். சீன தேசத்தில் பூக்கியன் மாகாணத்தில் 1893இல் பிறந்து, பத்து வயதில் தகப்பனாரைத் தேடிச் சிங்கப்பூர் வந்தவர். வந்த இடத்தில் அச்சிறுவர் எங்கே படிக்கப்போனார் தெரியுமா? சிராங்கூன் பகுதியிலிருந்த ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளியில்! வாரநாட்களில் தமிழ்ப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆங்கிலம் கற்றார். வாரக் கடைசியில் சீனப் பள்ளிக்குப் போய்த் தம் தாய்மொழியைக் கற்றார். இச்செய்தியை நம் தமிழ் மக்கள் பலர் அறியார். பிற்காலத்தில் அவர் டான் கா கீ என்னும் பெருஞ்செல்வரின் மருமகனாகி, 1920களின் இறுதியில் மூவாரில் ரப்பர்த் தொழில் தொடங்கி, ரப்பருக்கும் அன்னாசிக்கும் அரசர் என்று சொல்லும்படி உயர்ந்தார்.

1953இல் அவர் சர்க்காருக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார். புதிய பொது நூல்நிலையம் கட்ட 375,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். அத்துடன் நிபந்தனையும் விதித்தார்: நூல்நிலையம் எல்லார்க்கும் இலவசமாக இருக்கவேண்டும்; இந்நாட்டு மக்களின் தாய்மொழிகளை அது ஆதரித்து வளர்க்கவேண்டும். கொடுத்த தொகையைவிட இந்நிபந்தனையே பெரிது என்பது நம் துணிபு. பணம் மட்டும் கொடுத்திருந்தால் மற்றுமொரு ஆங்கிலப் புத்தகசாலை எழுந்திருக்கும். வாசலில் அவர் பெயர் பொறித்த கல்லும் ஒன்று இருந்திருக்கும். நிபந்தனை விதித்தமையால், அலமாரிகளில் தமிழெழுத்து ஏறிற்று. இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்பணம் ரப்பர்ப் பணம். விடியுமுன் எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவிய தமிழருடையவும் சீனருடையவும் கைகளின் வழியாக வந்த பணம். ஆகையால் தோட்டத்து அன்பர்கள் சிங்கப்பூர் நூல்நிலையத்தைப் பற்றிப் பேசும்போது, பிறருடைய தருமத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக் கூசவேண்டியதில்லை. அச்சுவரின் செங்கற்களில் அவர்கள் பங்கும் இருந்தது.

1957 ஆகஸ்டு 16இல் லீ கோங் சியானே அடிக்கல் நாட்டினார். 1958 முதல் இலவசப் பொது நூல்நிலையமாகச் சட்டப்படி அமைந்து, 1960 நவம்பர் 12இல் புதிய செங்கற் கட்டடத்தை யாங் டி பெர்துவான் நெகாரா யூசோப் இஷாக் திறந்துவைத்தார். பின்னர் ராபிள்ஸ் பெயரும் நீங்கித் தேசிய நூல்நிலையம் என்றாயிற்று. 1960களில் அங்கே சிறுவர்களைச் சுற்றி உட்காரவைத்து ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் கதை சொல்லும் வழக்கம் நடந்தது. உள்நாட்டவராய் அதன் தலைமையை ஏற்று நெடுங்காலம் நடத்திய ஹெட்விக் அனுவார் அம்மையார் சிறுவர் வாசிப்பில் தனிக் கவலை கொண்டிருந்தார். அச்செங்கற் கட்டடம், மலைக்கடியில் சுரங்கச்சாலை போடவேண்டி, 2004 மார்ச்சில் மூடப்பட்டுப் பின் இடிக்கப்பட்டது. அதன் படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்றும் அதை நினைத்து வருந்துகிறார்கள், வருத்தம் நியாயமானதே.

இங்கே தமிழ்நாட்டுச் செய்தியையும் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1928இல் சென்னை நூல்நிலையச் சங்கம் ஏற்பட்டது. 1931இல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. நூல் பூட்டிவைக்கும் பொருளன்று, கையாளும் பொருள் என்பதே அவ்விதிகளின் அடிப்படை. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்றார்கள். காளை இழுத்துச்சென்ற அந்நூல்நிலையத்தைப் போல் எளிய, அருமையான காரியம் நம்மவர்களால் அந்நாளில் செய்யப்பட்டவற்றுள் சிலவே. 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூல்நிலையச் சட்டம் சென்னையில் நிறைவேறிற்று. வீட்டுவரியோடு நூல்நிலைய வரியும் சேர்த்து வாங்க ஏற்பாடாயிற்று. மறு ஆண்டு 1949இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ, பொது நூல்நிலையம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பதாயும் எல்லார்க்கும் இலவசமாயும் இருத்தல் வேண்டும் என்று அறிக்கை விடுத்தது.

சட்டங்களுக்கு முன்பே தமிழ்நாட்டிலும் இங்கும் சீர்திருத்த இயக்கத்தார் படிப்பகங்கள் வைத்தனர். ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, நாலைந்து பத்திரிகைகள். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாத பத்துப்பேர் சுற்றி நின்று கேட்பர். தேநீர்க்கடையும் முடிதிருத்தும் கடையும் அவ்வாறே படிப்பகமாயின. அவ்வேலையின் பெருமையை நாம் குறைத்துப் பேசோம். ஆயினும் ஒன்று சொல்லாமல் இருப்பதற்கில்லை: அப்பெஞ்சுகளில் உட்கார்ந்தோர் பெரும்பாலும் வயது வந்த ஆண்மக்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. பிள்ளை வந்து எட்டிப்பார்த்தால் ‘போடா, வீட்டுக்குப் போ’ என்பதே வரவேற்பு. சாதியையும் சடங்கையும் கண்டித்துப் பேசிய அம்மேசையில் ஒரு சிறுவர் புத்தகம் கிடந்தது அரிது. 1950களின் தொடக்கத்தில் தமிழ் முரசு தன் பத்தியில் மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளை எழுதவைத்த பிறகே, சிங்கப்பூரிலும் மலாயாத் தோட்டங்களிலும் இருந்த பிள்ளைகளுக்குத் தம் பெயரை அச்சில் காணும் பேறு பரவலாகக் கிடைத்தது. பிற்காலத்து எழுத்தாளர் பலர் அப்பந்தலில் படர்ந்த கொடிகளே.

யாழ்ப்பாணத்தாரையும் மறத்தலாகாது. 1930களில் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் சிறிதாகத் தொடங்கிய புத்தக முயற்சியே அவ்வூர்ப் பொது நூல்நிலையமாக வளர்ந்து, 1959இல் அழகிய கட்டடத்தில் குடியேறியது. 1967இல் அங்கே சிறுவர் பகுதியும் திறந்தனர். 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அரிய சுவடிகளைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். சிறுவர் பகுதியில் படித்துவந்த பிள்ளைகள் மறுநாள் காலை எங்கே போனார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். பட்டணத்து நடுவில் ஒரு பெரிய கட்டடம் இருந்தால் போதாது. பிள்ளை நடந்துபோகும் தூரத்தில் நூல்நிலையம் இருக்கவேண்டும் என்பது விரைவில் தெரிந்தது. 1960 முதல் புத்தக வண்டி கிராமப்புறங்களுக்குப் போயிற்று. மன்னார்குடிக் காளைவண்டி செய்த வேலையை இங்கே மோட்டார் வண்டி செய்தது. 1970 ஏப்ரல் 30இல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளையைப் பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். தோ பாயோ 1974, மரீன் பரேட் 1978, புக்கிட் மேரா 1982 என்று கிளைகள் பெருகின. 1990களில் அடுக்குமாடி வீடுகளின் தூணடித் தளங்களிலேயே பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று சின்னஞ்சிறு சமூகச் சிறுவர் நூல்நிலையங்கள் ஏற்பட்டன. மின்தூக்கியிலிருந்து இறங்கினால் புத்தகம்! பின்னாளில் அவை மூடப்பட்டு, பெரிய நூல்நிலையங்களிலே சிறுவர் பகுதிகள் விரிவாக்கப்பட்டன. செலவுக் கணக்கில் அது சரியாயிருக்கலாம். ஆயினும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கல் தூரமென்பது கடல் தூரம். தகப்பனும் தாயும் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அத்தூரத்தை யார் கடத்திவிடுவது?

கிளமெண்டிக்கு நூல்நிலையம் வர 2011 ஆயிற்று என்பதை இவ்விடத்தில் நினைக்கவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூர்ப் பிள்ளைகள் குவீன்ஸ்டவுனுக்கோ ஜூரோங்குக்கோ பஸ் ஏறவேண்டியிருந்தது. ஜூரோங் நூல்நிலையம் 2004இல் வட்டார நூலகமாக விரிவடைந்தபோது, ஒரு தளம் முழுவதையும் பதின்ம வயது இளையர்க்கென்று ஒதுக்கி, அதன் அமைப்பிலும் இளையரையே கலந்துகொண்டார்கள். இது நல்ல யோசனை. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவிதப் பிராணி. யானைப் படம் போட்ட குட்டி நாற்காலியில் உட்கார வெட்கப்படுவான். பெரியவர்கள் பத்திரிகை படிக்கும் இடத்தில் இரண்டு வார்த்தை பேசினால் முறைக்கப்படுவான். இரண்டிடத்தும் இடமில்லாதவன் கடைவீதிக்குப் போகிறான். கடைவீதியில் அவனுக்கு இடமுண்டு; அங்கே அவனை வரவேற்கப் பலர் காத்திருக்கிறார்கள். முன்னாள் ரிபார்மெட்டரி ரோட்டுக்குப் போன பையன்களுட் பலர் இந்த இரண்டுங்கெட்டான் வயதினரே என்பதை நினைத்தால், மேசையும் விளக்கும் குளிர்ச்சியும் கொடுத்து அவனை மாலை ஒன்பது மணிவரை உட்காரவிடும் காரியம் வீண் செலவென்று எவரும் சொல்லார். நெருக்கமான மூவறை வீட்டில் ஐந்துபேரோடு வாழும் பிள்ளைக்குப் பரீட்சைக் காலத்தில் நூல்நிலையத்து மேசைதான் சொந்த அறை. அந்நாட்களில் காலியிடம் பிடிக்கக் கதவு திறக்குமுன்பே வரிசை நிற்பதை எந்த நூல்நிலையத்திலும் காணலாம்.

சிறுபிள்ளைகளுக்கு நடக்கும் வேலைகளுள் நாம் மிக உயர்வாக மதிப்பது 2004இல் தேசிய நூலக வாரியம் தொடங்கிய ‘கிட்ஸ்ரீட்’ என்னும் திட்டம். வருமானம் குறைந்த குடும்பங்களின் 4 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளைச் சிறு குழுவாகக் கூட்டி, தொண்டர்கள் வாரந்தோறும் அவர்களோடு உட்கார்ந்து கதை படிக்கிறார்கள்; படித்தபின் விளையாட்டும் கைவேலையும் உண்டு. நூல்நிலையங்களில் மட்டுமன்றி, சமூக மன்றங்களிலும் குடும்ப சேவை நிலையங்களிலும் பள்ளிகளிலும் இது நடந்துவந்திருக்கிறது. இதன் இரகசியம் புத்தகத்தில் மட்டும் இல்லை. வாரந்தோறும் அதே அண்ணன், அதே அக்காள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் பக்கம் புரட்டுவதில் இருக்கிறது. வசதியுள்ள வீட்டில் தாய் தகப்பன் இரவில் செய்யும் காரியத்தை, வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்குச் சமூகம் செய்துகொடுக்கிறது. இரண்டு வேலை பார்த்து வீடு திரும்பும் தாயைப் பார்த்து ‘ஏன் பிள்ளைக்குக் கதை படிக்கவில்லை?’ என்று கேட்கும் கனவான்கள், தாங்களே ஒரு வாரம் போய்ப் படித்துக் காட்டினால் நலம்.

இனித் தமிழைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்வோம். 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், சிங்கப்பூர்வாசிகளுள் ஐந்து வயதும் அதற்கு மேலுமுள்ளோரில், வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 3.3 பேர், 2020இல் 2.5 பேர். அதே பத்தாண்டில் வீட்டில் பெரிதும் ஆங்கிலம் பேசுவோர் 32.3இலிருந்து 48.3க்கு ஏறினர். தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியில் பாடம், ரயிலில் அறிவிப்பு. எல்லாம் இருந்தும் வீட்டுக் கூடத்தில் தேய்கிறது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவினர், பிள்ளைகளுக்கு நல்ல பேச்சுத் தமிழையும் பள்ளியில் கற்பிக்கவேண்டும் என்று கூறியதன் காரணமும் இதுவே. வீட்டில் கேட்காத மொழியை எழுத்திலிருந்து மட்டும் கற்கும் பிள்ளைக்குத் தமிழ் ஒரு பரீட்சைத் தாளாக மட்டும் நின்றுவிடும்.

இவ்விடத்தில்தான் நூல்நிலையத்துத் தமிழ்க் கதைநேரம் மருந்தாகிறது. கதை சொல்பவர் பேச்சுத் தமிழில் சொல்கிறார். சொல்லிமுடித்துக் காட்டும் புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். ‘வந்துட்டான்’ என்று காதால் கேட்டது ‘வந்துவிட்டான்’ என்று கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டும் ஒரே மொழிதான் என்று பிள்ளை தானாகவே கண்டுகொள்கிறது. இலக்கண உபாத்தியாயர் ஓராண்டு முயன்று விளக்குவதை ஒரு நரிக்கதை அரைமணியில் விளக்கிவிடுகிறது. 1947 முதல் சென்னையிலிருந்து வந்த அம்புலிமாமாவை லயத்து விளக்கடியில் படித்து வளர்ந்த தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதுச் செய்தியன்று.

ஆனால் கதைநேரம் நடத்தினால் மட்டும் போதாது, பிள்ளைகள் வரவேண்டும். தமிழ் அலமாரிக்கு எவ்வளவு இடம், எவ்வளவு புதுப்புத்தகம் என்பது, அதிலிருந்து எத்தனை புத்தகம் இரவலாகப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் எந்த நூல்நிலையத்திலும் யோசிக்கப்படும். எடுக்காத புத்தகத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? நம்மவர்கள் காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் மண்டபம் பிடித்து ஆயிரக்கணக்கில் செலவிடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் பெயரில் வாங்கிய நூல்நிலைய அட்டையோ மேசை இழுப்பறையில் தூங்குகிறது. தமிழுக்கு இடமில்லை என்று கூட்டம் போட்டுப் பேசும் அன்பர்களிடம், கடைசியாக எப்போது தமிழ்ப் புத்தகம் இரவல் எடுத்தீர் என்று கேட்டால், பலர் பேச்சை மாற்றுகிறார்கள். லீ கோங் சியான் விதித்த நிபந்தனை சர்க்காரை மட்டும் கட்டுவதன்று. புத்தகத்தை எடுக்கவேண்டிய நம்மையும் கட்டுவது.

செய்யத்தக்கது அரிதுமன்று. தொழிற்சங்கத்தாரும் ஊர்ச்சங்கத்தாரும் ஆண்டுவிழாவுக்கு ஒரு பஸ் பிடிப்பது போல், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நூல்நிலையத்துக்குப் போகலாம். தமிழ் நன்கு பேசவல்ல ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பாட்டிமார்களும் கதைசொல்லத் தொண்டர்களாகச் சேரலாம். வீட்டில் கேட்க ஆளில்லாமல் அவர்களிடம் கிடக்கும் கதைகள் எத்தனையோ. 2007 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் நடந்துவரும் தமிழ்மொழி விழாவில் மேடையும் மாலையும் ஏராளம். கிளமெண்டி நூல்நிலையம் திறந்ததும் ஏப்ரலில்தான் என்பதால், அவ்வூர்த் தமிழர்களுக்கு இரட்டைக் காரணம் இருக்கிறது.

தோட்டப்புறத்து அன்பர்கள், ‘இவையெல்லாம் சிங்கப்பூர்க்காரர்களுக்கு, எங்களுக்கு என்ன?’ என்று கேட்கலாம். அவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. 2015இல், சிங்கப்பூர் சுதந்திரமடைந்து ஐம்பதாண்டு நிறைந்த சமயத்தில், தமிழ்த் தொண்டர்கள் பலர் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து, 1965க்குப் பிறகு இங்கே வெளியான தமிழ் இலக்கிய நூல்களில் சுமார் 350ஐப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கணினியில் எவரும் திறந்து படிக்கும்படி வைத்தார்கள். அவற்றுள் சிறுகதையும் கவிதையும் நாடகமும் உண்டு. ஜொகூரில் செம்பனைக் காட்டு நடுவே இருக்கும் ஒரு பெண்பிள்ளை, தமக்கையின் கைத்தொலைபேசியை இரவல் வாங்கி அந்நூல்களைப் படிக்கலாம். அதற்குச் சந்தா இல்லை. பாலத்தைக் கடக்கப் பாஸ்போர்ட்டும் வேண்டியதில்லை.